அன்றாட ஆங்கிலமும் அண்டை வீட்டாரும்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



 

நான் பேராசிரியர் அல்லன். ஆங்கில ஆசிரியரும் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படித்து டிப்ளோமா வாங்கியவன். வாப்பாவோடு சேர்ந்து மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். காய்ந்த மிளகாய், மல்லி, பருப்பு, பட்டை, கிராம்பு, இவைதான் என் உலகம். "ஆங்கிலம் கற்பதைப் பற்றிப் பேச வேறு ஆள் கிடைக்கவில்லையா?" என்று செயலாளர் நானாவிடம் கேட்டேன். "வகுப்புக்குப் போக நேரமில்லாதவர்களுக்காகப் பேச வேண்டும். அதற்கு நேரமில்லாத ஆள்தான் சரி" என்றார். மறுக்க முடியவில்லை.

யாருக்காகப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்து இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்காக அல்ல. 1987க்குப் பிறகு இந்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலம்தான் முதல் மொழி. அந்தப் பிள்ளைகள் கனவுகூட ஆங்கிலத்தில்தான் காண்கிறார்கள். நான் பேசுவது கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த நம் சகோதரிகளுக்காக, நம் கடைகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்காக, நாற்பது வருடமாகக் கடைத்தெரு மலாயிலேயே காலத்தை ஓட்டிவிட்ட நம் பெரியவர்களுக்காக.

பலதுறை மருந்தகத்தில் ஒரு காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாய்க்கு உடம்பு சரியில்லை. டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் தொடக்கநிலை நான்கு படிக்கும் பையன் மொழிபெயர்க்கிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தாய் சொல்லக்கூடிய நோயும் உண்டு, சொல்ல முடியாத நோயும் உண்டு. சொல்ல முடியாததை அவர் விழுங்கிவிடுகிறார். "ஒன்றுமில்லை, தலைவலி என்று சொல்" என்கிறார். டாக்டர் தலைவலிக்கு மருந்து தருகிறார். வந்த நோய் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளைதான் படித்துச் சொல்கிறது. பிள்ளை என்ன சொல்கிறதோ அதுதான் கடிதம்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் யார் பெரியவர் என்ற கணக்கு மெல்ல மாறிவிடுகிறது. ஆகவே இது வேலைக்கான ஆங்கிலம், சம்பளத்துக்கான ஆங்கிலம் என்பதோடு நிற்கும் விஷயம் அல்ல. ஒரு தாய் தன் நோயைத் தானே சொல்வதற்கும், பிள்ளையின் ஆசிரியரிடம் தானே பேசுவதற்கும் வேண்டிய ஆங்கிலம்.

"எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது" என்று சொல்லும் தாய்மார்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். பேரங்காடியில் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? முயிஸ் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். முத்திரை இல்லையென்றால் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு மாதிரி இருக்கும் எழுத்துகளில் 'ஜெலட்டின்', 'லார்ட்', 'ஷார்ட்டனிங்', 'எமல்சிஃபயர்' என்ற சொற்களைத் தேடுகிறீர்கள். இவை பட்டதாரிகளுக்கே கடினமான சொற்கள். இவற்றை உங்களுக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை. தேவை சொல்லித் தந்தது. ஆக, நீங்கள் ஏற்கெனவே ஆங்கிலம் வாசிக்கிறவர்கள். நாலு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். இன்று ஐந்தாவது சொல்லைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் பொட்டலமிட்டு விற்கும் உணவுப் பொருளில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் போட வேண்டும். இது தெரிந்தாலே பாதி வாசிப்பு முடிந்தது. 'பாதாம் பானம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் பார்த்தால் முதலில் தண்ணீர், இரண்டாவது சர்க்கரை, பாதாம் எங்கோ கடைசியில் இருக்கும். 'மே கண்டெய்ன் நட்ஸ்' என்றிருந்தால் கொட்டை வகை கலந்திருக்கலாம் என்று பொருள். 'கண்டெய்ன்ஸ் நட்ஸ்' என்றிருந்தால் கலந்தே இருக்கிறது. 'மே' என்ற ஒரு சொல் செய்யும் வேலையைப் பாருங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதேபோல 'பெஸ்ட் பிஃபோர்' வேறு, 'யூஸ் பை' வேறு. முதலாவது, இந்தத் தேதிவரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்பது. இரண்டாவது, இந்தத் தேதிக்குப் பிறகு பயன்படுத்தாதே என்பது.

வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'எக்ஸ்க்ளூசிவ்' என்றால் நம்மில் பலர் 'சிறப்பானது' என்றே நினைக்கிறோம். துணிக்கடை விளம்பரத்தில் அது சரி. ஆனால் விலைப்பட்டியலின் அடியில் 'எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் ஜிஎஸ்டி' என்று சின்னதாகப் போட்டிருந்தால், வரி இதில் சேரவில்லை என்று அர்த்தம். 2024 முதல் வரி 9 விழுக்காடு. ஆயிரம் வெள்ளிச் சரக்குக்கு இன்னும் தொண்ணூறு வெள்ளி எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லின் விலை தொண்ணூறு வெள்ளி!

பொட்டலத்தை விட்டு வெளியே வாருங்கள். எம்ஆர்டி நிலையத்தில் தினமும் ஓர் இலவசப் பாடம் நடக்கிறது. 'ப்ளீஸ் மைண்ட் தி ப்ளாட்ஃபார்ம் கேப்' என்கிறார்கள். 'மைண்ட்' என்றால் மனம் என்று ஊரில் படித்தோம். இங்கே அது 'கவனி'. கடையில் 'நெவர் மைண்ட்' என்கிறார்கள். அது 'பரவாயில்லை'. 'டு யூ மைண்ட்?' என்று ஒருவர் நாற்காலியைக் காட்டிக் கேட்டால், 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்று கேட்கிறார். அதற்கு 'எஸ்' என்று சொன்னால் அவர் நின்றுகொண்டே இருப்பார். (சிரிப்பு) 'நோ' என்றால்தான் உட்காருவார். அகராதியில் 'மைண்ட்' என்பதைப் பார்த்து மனப்பாடம் செய்தால் இது வராது. இடத்தோடு சேர்த்துக் கேட்டால்தான் வரும். மின்தூக்கிக்குப் பக்கத்தில் நகர மன்றம் ஒட்டும் அறிவிப்பு, மருந்துப் பையில் ஒட்டிய சீட்டு, பிள்ளையின் பள்ளிக் கடிதம், இவை எல்லாமே அப்படிப்பட்ட பாடங்கள்தான்.

செய்தித்தாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். என் வாப்பா இப்படித்தான் கற்றார். முதலில் 'தமிழ் முரசு'. அதில் உள்ளூர்ச் செய்தி ஒன்றை முழுதாகப் படிப்பது. பேருந்துக் கட்டணம், வீவக வீட்டு விலை, ஏதாவது ஒன்று. பிறகு அதே செய்தியை 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழில் தேடிப் படிப்பது. விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொல்லும் தானே பொருள் சொல்லும். 'ஃபேர்' என்றால் கட்டணம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் ஏட்டையும் 1845இல் தொடங்கிய ஆங்கில ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கும் வசதி நமக்கு இருக்கிறது. உலகத்தில் எத்தனை ஊர்களுக்கு அது இருக்கிறது?

இதுவரை சொன்னது பாதி. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம்.

சொல் சேர்ந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று சொல் என்றால் வருடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் சேர்த்த சொல்லை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது, எதைப் பேசுவது? கடையில் 'ஹவ் மச்', டாக்டரிடம் 'பெயின்', அதோடு தீர்ந்துவிடுகிறது. மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியைப் பார்த்தால் சிரிக்கிறோம், அவர் சிரிக்கிறார், கதவு திறக்கிறது, போய்விடுகிறோம். இருபது வருடம் இப்படியே போகிறது. அங்கே சொல் இல்லாமல் இல்லை. பேசுவதற்கு ஒரு விஷயம்தான் இல்லை. அந்த விஷயத்தைத் தருவதுதான் மற்றவர்களின் வாழ்க்கையைப் பற்றிய வாசிப்பு.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நமக்கு நெருக்கமான சொல். 'ஃபாஸ்டிங்'. நோன்பு என்று நமக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனைக்கு முன் மருந்தகத்தில் 'ஃபாஸ்டிங்' என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். நம் பெரியம்மா ஒருவர் நோன்பு என்று நினைத்துச் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மயங்கும் நிலையில் போய் நின்றார். அந்தச் சோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம். டாக்டருடைய 'ஃபாஸ்டிங்' வேறு, நம்முடைய 'ஃபாஸ்டிங்' வேறு. இப்போது திருப்பிப் பாருங்கள். ரமலானில் நம்முடன் வேலை பார்க்கும் சீன நண்பர் கேட்கும் முதல் கேள்வி என்ன? சேர்ந்து சொல்லுங்கள். ஆம், 'நாட் ஈவன் வாட்டர்?' (சிரிப்பு, கைதட்டல்) அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது இப்போது புரிகிறதா? அவருக்குத் தெரிந்த 'ஃபாஸ்டிங்' எல்லாவற்றிலும் தண்ணீர் உண்டு. அவருடைய பாட்டி பௌத்தராக இருந்தால் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி உண்பவராக இருக்கலாம். கிறிஸ்துவ நண்பருக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் உண்டு. இந்து நண்பருக்கு ஏகாதசி உபவாசம் உண்டு. மலாயில் 'புவாசா' என்கிறோமே, அந்தச் சொல்லும் 'உபவாசம்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் காலைச் சாப்பாட்டை 'ப்ரேக்ஃபாஸ்ட்' என்கிறார்கள். 'ப்ரேக்' என்றால் முறிப்பது, 'ஃபாஸ்ட்' என்றால் நோன்பு. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்து காலையில் நோன்பு திறக்கிறார்கள்! இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவர், 'நாட் ஈவன் வாட்டர்' என்ற கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போகமாட்டார். "உங்கள் பாட்டி மரக்கறி சாப்பிடும் நாள் உண்டா?" என்று திருப்பிக் கேட்பார். அங்கே ஒரு பேச்சு பிறக்கிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். இங்கே வந்து மூன்று வருடம் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. மகளுக்காக நூலகத்திலிருந்து எடுத்து வந்த படக்கதைப் புத்தகங்களை இரவில் உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்கும் தாயைப் பார்த்து யாரும் "ஏன் சின்னப்பிள்ளைப் புத்தகம் படிக்கிறாய்?" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா? அதில் ஒன்று சீனர்களின் இலையுதிர்காலத் திருவிழாவைப் பற்றியது. விளக்கு, நிலவு, நிலாக் கேக். அந்த வாரம் நடைபாதையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி போய், 'டுநைட், மூன் வெரி ரவுண்ட்' என்றார். இலக்கணம் பார்க்காதீர்கள். ஆன்ட்டி முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் கதவைத் தட்டினார், கையில் ஒரு பெரிய பம்பளிமாசு. அந்தத் திருநாளுக்கு அவர்கள் அதையும் சாப்பிடுவார்கள். "கேக் உங்களுக்கு ஹலாலோ என்னவோ, பழம் என்றால் கவலையில்லை" என்றார். அவரும் நம்மைப் பற்றி எங்கோ வாசித்திருக்கிறார், அல்லது கவனித்திருக்கிறார்.

பிறகு அவர் கேட்டார்: "நாங்கள் முழுநிலவைக் கொண்டாடுகிறோம். நீங்கள் ஏன் மெல்லிய பிறையைத் தேடுகிறீர்கள்? இருவரும் நிலவைத்தான் கணக்கு வைக்கிறோம். எங்கள் புத்தாண்டு ஜனவரி, பிப்ரவரியிலேயே வருகிறது. உங்கள் பெருநாள் மட்டும் ஏன் ஊர் சுற்றுகிறது?" நல்ல கேள்வி. என் மனைவி எனக்கு அந்தக் கேள்வியைக் கொண்டு வந்தார். இருவரும் நூலகத்தில் தேடிப் படித்தோம். சீன நாட்காட்டியில் ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சூரியக் கணக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். நம் ஹிஜ்ரி கணக்கில் அப்படிக் கூட்டுவது இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் வருகிறது. 1996, 1997, 1998 என்று மூன்று வருடம் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்த நாள்களில் வந்தது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இதை ஆன்ட்டிக்கு விளக்கிச் சொல்ல என் மனைவிக்கு இரண்டு நாள் ஒத்திகை தேவைப்பட்டது. ஆனால் சொன்னார். கடையும் இல்லாமல் டாக்டரும் இல்லாமல் அவர் ஆங்கிலத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு பள்ளி ஆசிரியரைச் சந்திக்க என்னைக் கூப்பிடவில்லை.

மற்றவர் வாழ்க்கை தெரிந்தால் அவர்கள் பேசும் ஆங்கிலமும் புரியும். நண்பர் ஒருவர் 'ஓப்பன் தி லைட்' என்கிறார். விளக்கை எப்படித் திறப்பது? மாண்டரினில் 'காய் டெங்', மலாயில் 'புக்கா லம்பு'. இரண்டிலும் விளக்கைத் 'திறப்பது'தான் வழக்கம். நாம் 'லைட்டைப் போடு' என்கிறோம். எல்லோரும் அவரவர் தாய்மொழியை ஆங்கிலத்துக்குள் கொண்டுவருகிறோம். நண்பர்களோடு பேசும்போது அது இருந்துவிட்டுப் போகட்டும். 'ஷியோக்', 'ஹாக்கர் சென்டர்' போன்ற நம் ஊர்ச் சொற்களை 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டது. ஆனால் கடிதத்திலும் நேர்காணலிலும் 'ஸ்விட்ச் ஆன்' என்று எழுதவும் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் எது என்று தெரிவதும் கல்விதான்.

புத்தகம் வேண்டாம், நடந்தே படிக்கிறேன் என்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போங்கள். ஒரே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா, 1827இல் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசல், 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹொக் கெங் சீனக் கோவில், சற்றுத் தள்ளிச் சீன மெத்தடிஸ்ட் தேவாலயம். ஒவ்வொன்றின் முன்னும் வரலாறு எழுதிய பலகை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். 'தெலுக் ஆயர்' என்றால் மலாயில் நீர் விரிகுடா. அந்தத் தெரு அன்று கடற்கரை. 'ரெக்லமேஷன்' என்ற சொல்லைப் பார்த்தால் பயப்படாதீர்கள். இன்ஷூரன்ஸ் 'க்ளெய்ம்' நமக்குத் தெரியும். அதே 'க்ளெய்ம்'தான் உள்ளே இருக்கிறது. கடலிடமிருந்து நிலத்தை வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் கப்பலிலிருந்து இறங்கிய சீனர்கள், கடல் பயணத்தில் காப்பதாக அவர்கள் நம்பும் மாசு தெய்வத்துக்குக் கோவில் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர் சில எட்டுத் தள்ளி நாகூரின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். நம்பிக்கை வேறு, வணக்கம் வேறு. அதில் நாம் ஒன்றும் கலக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் தாண்டி வந்தது ஒரே கடல், கரை ஏறியதும் அவர்கள் மனத்தில் இருந்த நன்றியும் ஒன்றுதான். இதை வாசித்தவர் மின்தூக்கியில் சும்மா சிரித்துவிட்டுப் போகமாட்டார்.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என்று வளர்த்த சமூகம் நாம். 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை நினைத்துப் பாருங்கள். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்தவர். அப்துல்லா சிறுவயதில் தமிழ் கற்றார். ஏன் தெரியுமா? அன்றைய மலாக்காவில் கணக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் தேவைப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்ததால் 'முன்ஷி' என்ற பெயர் வந்தது. தம்மிடம் மலாய் கற்ற ஆங்கிலேயப் பாதிரிமாரிடமிருந்து ஆங்கிலம் கற்றார். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். கொடுத்து வாங்குவது என்று வியாபாரத்தில் சொல்கிறோமே, மொழியையும் அவர் அப்படித்தான் வாங்கினார். நம் பக்கத்து வீட்டாருக்கு நாமும் ஒரு முன்ஷியாக இருக்கலாம். அவருக்கு நோன்புக் கஞ்சியைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் உங்களுக்கு ஆங்கிலம் தருவார்.

பெரியவர்கள் சிலருக்கு ஒரு கவலை இருக்கிறது. "ஆங்கிலம் ஆங்கிலம் என்றால் தமிழ் என்னாவது?" நியாயமான கவலை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு. 2020இல் அது 48.3 விழுக்காடு. நம் வீடுகளும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத தாயிடம் பிள்ளை தமிழில் பேசிக்கொண்டே இருக்கிறதா? இல்லை. பேச்சையே குறைத்துக்கொள்கிறது. பள்ளியில் நடந்ததைச் சொல்ல அதற்குத் தமிழ்ச் சொல் கிடைப்பதில்லை, தாய்க்கு ஆங்கிலச் சொல் புரிவதில்லை. இரண்டும் தெரிந்த தாய்தான் "அதைத் தமிழில் இப்படிச் சொல்வோம்" என்று சொல்லித் தர முடியும். 'தமிழ் முரசு' ஒரு கையில், ஆங்கில ஏடு மறு கையில் என்று நான் சொன்னதும் அதற்காகத்தான். மொழிகள் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. மலாய்க்காரர் 'கெடாய்' என்பது நம் கடை, 'மோடல்' என்பது நம் முதல். ஆங்கிலத்தின் 'கட்டமரான்' நம் கட்டுமரம். வியாபாரிகள் நாளும் சொல்லும் 'தாரிஃப்' அரபியிலிருந்து போனது. நூலகத்தில் எடுக்கும் 'மேகஸின்', சரக்கறை என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் பாட்டன்மார் கப்பலில் மிளகு மட்டுமா ஏற்றினார்கள்?

இன்னொரு தடை கூச்சம். "இந்த வயதில் தப்பாகப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு. உம்மா 'வெஜிடபிள்' என்பதைத் தப்பாகச் சொன்னால் நண்பர்கள் முன் சிரிக்காதீர்கள். நீங்கள் தமிழில் 'ழ' சொல்லும்போது அவர் சிரித்தாரா? (கைதட்டல்)

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது வருடமாக இந்தச் சங்கம் கல்வி உதவித்தொகை தந்திருக்கிறது, துணைப்பாட வகுப்பு நடத்தியிருக்கிறது. எல்லாம் பிள்ளைகளுக்கு. இனிமேல் வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம், பெரியவர்களுக்கு ஒரு மேசை போடுவோம். ஆசிரியர் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஒவ்வொருவரும் அந்த வாரம் தமக்குப் புரியாத ஒரு தாளைக் கொண்டு வரட்டும். மருந்துச் சீட்டு, பள்ளிக் கடிதம், பொட்டல அட்டை, எதுவானாலும் சரி. சேர்ந்து வாசிப்போம். மாதத்தில் ஒருநாள் வேறொரு சமூகத்தின் பண்டிகையைப் பற்றி ஓர் எளிய புத்தகம் வாசித்து, அந்தச் சமூகத்து அண்டை வீட்டார் ஒருவரைத் தேநீருக்கு அழைப்போம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நூலக உறுப்பியம் இலவசம். சிறுவர் பகுதிப் புத்தகத்தைப் பெரியவர்களும் எடுக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பெரியவர்களுக்கும் ஏற்ற 'ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்' வரிசை இருக்கிறது. அதன் முதல் நிலைக்கு நானூறு அடிப்படைச் சொற்கள் போதும். முறையான வகுப்புக்குப் போக விரும்பும் 25 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் உண்டு. மேசைக்கு வேண்டிய தேநீரும் பிஸ்கட்டும் என் கடையின் பொறுப்பு. பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்த பிறகுதான் பிரிக்க வேண்டும், அது மட்டுமே நிபந்தனை. (சிரிப்பு)

நம் நபி (ஸல்) அவர்களுக்கு வந்த முதல் வஹீ ஓதச் சொன்னது என்பதை இந்த அவைக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. வாசிக்கும் கண்ணையும், வாசித்ததை அண்டை வீட்டாரிடம் அன்போடு பேசும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கிய முன்னோர்களின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

 மேசைக்கான பெயர்ப்பட்டியல் வாசல் அருகில் இருக்கிறது. முதல் வரியில் என் வாப்பா ஏற்கெனவே பெயர் எழுதிவிட்டார்.